மற்றப் பொட்டலம்

அத்தியாயம் 11

சீதேவிப்பிள்ளைக்குப் பொய் சொல்ல வராது என்பது ஊரறிந்த சங்கதி. அறுபத்தொரு வயதுவரைக்கும் அந்தப் பெயரைக் கட்டிக் காத்தவள், கடைசியில் சொல்லப் போனதுதான் போனாள், சின்னப் பொய்யாகச் சொன்னாளா? கோயிலில் இருக்கிற அம்மாளின் வாயில் வைத்தல்லவா சொன்னாள்!

போன கிழமை நடந்ததை மறந்தவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். அவள் புருசன் வல்லிபுரத்துக்கு வயிற்றுக்குள் ஓடுகிற பெரிய இரத்தக் குழாய் ஓரிடத்தில் வீங்கியிருக்கிறது. சிறுநீரகத்தில் கல்லா என்று ஸ்கேன் பிடிக்கப் போன இடத்தில் கல் அகப்படவில்லை, இது அகப்பட்டது. நோவும் இல்லை, நொடியும் இல்லை. கடதாசி ஆலையில் இருந்து ஓய்வெடுத்த மனுசன் காலையில் வயல் வட்டைக்குப் போய்த் தன் இரண்டு ஏக்கர் வேளாண்மையைப் பார்க்கிறார், பின்னேரம் வந்து பிட்டும் மீன்குழம்பும் ஒரு பிடி பிடிக்கிறார். அப்படி இருக்கிற ஆளிடம்தான், ஒப்பரேசன் செய்வதா இல்லையா என்று யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

செய்யத்தான் வேண்டும் என்று மகள் கலாஜினி ஒரு பக்கம். கூடவே கூடாது என்று தாய் மறுபக்கம். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து இரண்டு கொம்பைக் கொளுவி ஒன்று முறியும்வரைக்கும் இழுக்கிற திருவிழாவைப் போல வீடு ஆகிவிட்டது. மூன்று கிழமையாக இழுத்தும் முடிவில்லை. கடைசியில் வல்லிபுரமே சொன்னார்:

"ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க. அம்மாளுக்கிட்டப் பூக்கட்டிக் கேப்பம். அவ சொன்னாச் சரி."

ஒரு வாழையிலைத் துண்டில் செவ்வரத்தம்பூ. இன்னொன்றில் நந்தியாவட்டை. இரண்டையும் ஒன்றுபோல மடித்து நாரால் கட்டி அம்மாளின் காலடியில் வைத்தால், பூசாரியார் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. பொட்டலம் கட்டுகிற வேலை சீதேவிப்பிள்ளைக்கு வந்தது. அவள் இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினாள்.

வெள்ளை வந்தது. வராமல் என்ன செய்யும்? எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம் மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அம்மாளின் காலடியில் இருந்ததைக் குப்பையில் எறியவும் பயம், வீட்டில் வைக்கவும் பயம். நாலு நாளாக அது பைக்குள்ளேயே கிடக்கிறது.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, கிளினிக் நாள்.

*

காலையில் கலாஜினி வேலைக்குப் புறப்பட்டபடியே ஸ்கேன் தாள்கள் இருந்த கோவையைத் தகப்பனின் கையில் கொடுத்தாள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் எழுதுவினைஞர் வேலை அவளுக்கு. நாலு நாள் அழுது முகம் அதைத்திருந்தது.

"அப்பா, அம்மாளோட எனக்குக் கோவமில்ல. ஆனாலும் ஒருக்கா டொக்டர் சொல்றத வடிவாக் கேளுங்க. சின்ன ஒப்பரேசன். ரெண்டு நாளையில வீட்ட வந்திரலாம்."

"கேக்கிறன் புள்ள. கேட்டிற்று வாணாமெண்டு சொல்லிற்று வாறன்," என்றார் வல்லிபுரம்.

"அம்மா, நீங்களாவது..." என்று தாயைப் பார்த்தாள். சீதேவிப்பிள்ளை அந்த நேரம் பார்த்துச் செருப்பைத் தேடத் தொடங்கினாள். செருப்பு காலில்தான் இருந்தது.

வாழைச்சேனைச் சந்தியில், வாகரையில் இருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. மீன் பெட்டிகளோடு வருகிற பஸ். வல்லிபுரம் வழமைபோல ஒருதரம் உள்ளே இருந்த முகங்களை எல்லாம் பார்த்துவிட்டு, பிறகு ஒன்றும் பார்க்காதவர்போல ஏறினார். அவர் தேடுகிற முகம் யாருடையது என்று சீதேவிப்பிள்ளைக்குத் தெரியும். வாகரையில் கடற்தொழில் செய்கிற தம்பி வீரகத்தி. அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டுப் பதினொரு வருசம்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பதுதானே கொள்ளி வைக்கிற முறை. அவர்களுடைய தாய் கண்ணை மூடிய அன்று வீரகத்தி கடலில் நின்றான். மழை வரப்போகுது, இனியும் வைத்திருக்க ஏலாது என்று நாலு பேர் சொல்ல, தம்பியைப் பார்த்து நில்லாமல் வல்லிபுரமே கொள்ளியை வாங்கி வைத்துவிட்டார். வீரகத்தி ஓடி வந்து சேர்ந்தபோது நெருப்புத்தான் மிச்சம். "எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்று கேட்டவன், அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

பஸ்ஸில் வல்லிபுரம் நல்ல சந்தோசத்தில் இருந்தார். செங்கலடியில் ஒரு சரை கச்சான் கடலை வாங்கி, ஒவ்வொன்றாக உடைத்து மனைவியின் கையில் வைத்துக்கொண்டே வந்தார். அவருக்குத் தலைச்சுமை இறங்கிவிட்டது.

"அம்மாள் சொல்லிற்றா. இனி என்ன யோசினை? என்ன சீதேவி?"

"ம்."

"கச்சானத் தின்னன். ஏன் கையிலயே வச்சிரிக்காய்?"

அவள் கச்சானைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். முப்பத்தெட்டு வருசமாகக் கச்சானை உடைத்துப் பருப்பை அவளுக்குத் தருகிற மனுசன். அவரை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போன தன் தகப்பன் திரும்பி வராத அந்த நாளை நினைத்தால், செய்தது சரிதான் என்றும் பட்டது. அப்போது அவளுக்கு இருபது வயது. பெட்டியில் துவாயும் சவர்க்காரமும் வைத்து அனுப்பினாள். பெட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

*

டொக்டர் ஹமீட் ஓட்டமாவடி ஆள், நாற்பது வயதிருக்கும். கிளினிக்கில் சனம் அலைமோதினாலும் கதிரையில் இருக்கிறவரோடு கதைக்கும்போது வாசலைப் பார்க்க மாட்டார்.

"ஐயா, யோசிச்சீங்களா?"

"யோசிக்கத் தேவையில்லாமப் போயிற்று டொக்டர். அம்மாள் வாணாமெண்டிட்டா."

சீதேவிப்பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். டொக்டர் ஒரு சிரிப்புச் சிரித்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். எங்கட அம்மாளைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று கோபித்துக்கொண்டு எழும்பி வந்திருக்கலாம். அந்த மனுசன் சிரிக்கவில்லை. பேனையை மேசையில் வைத்தார்.

"சரி ஐயா. அம்மாள் சொன்னதுல நான் கை வைக்கமாட்டன். என்ட உம்மாவும் பெரிய காரியமெண்டா ரெண்டு ரக்அத் தொழுதிட்டுத்தான் முடிவெடுப்பா. ஒண்டு மட்டும் கேக்கட்டா? அம்மாளுக்கிட்ட என்னண்டு கேட்டீங்க?"

"ஒப்பரேசன் செய்யலாமா, கூடாதா எண்டு."

"எந்த ஒப்பரேசன் எண்டு சொன்னீங்களா?"

வல்லிபுரம் மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையின் வாரைப் பார்த்தாள்.

"ஒப்பரேசன் எண்டா ஒப்பரேசன்தானே டொக்டர்?"

"இல்ல ஐயா. உங்களுக்கு முன்னால மூண்டு வழி இரிக்கு. நீங்க ரெண்டு பொட்டலத்தோட போயிரிக்கீங்க."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அதில் பத்து வரிசையில் நூறு சின்ன மனித உருவங்கள் வரைந்திருந்தன. பழைய சைக்கிள் ரியூப் ஓரிடத்தில் மெலிந்து வீங்குமே, அதுபோலத்தான் இந்தக் குழாயும் என்று முதலில் சொன்னார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்தார்.

"முதலாவது வழி, ஒண்டும் செய்யாம ஸ்கேன் பிடிச்சுப் பிடிச்சுப் பாக்கிறது. வீக்கம் அஞ்சரை சென்ரிமீற்றருக்குக் கீழ எண்டா நானே பொறுங்க எண்டு சொல்லிரிப்பன். உங்களுக்கு அஞ்சு தசம் ஏழு. உங்களப்போல நூறு பேர் ஒரு வருசம் சும்மா இரிந்தா, கிட்டத்தட்ட அஞ்சு பேருக்கு அது வெடிக்கலாம். வெடிச்சா ஆஸ்பத்திரிக்கு வந்து சேராதவங்கதான் கூட. மத்தத் தொண்ணூத்தஞ்சு பேருக்கு அந்த வருசம் ஒண்டும் நடக்காது. ஆனா வீக்கம் வளரும். வளர வளர இந்த அஞ்சும் கூடும்."

ஐந்து உருவங்களுக்குச் சிவப்புப் பூசினார். சீதேவிப்பிள்ளை முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அந்தத் தாளைப் பார்த்தாள்.

"ரெண்டாவது, வயித்தத் திறந்து, வீங்கின இடத்துல துணியால செஞ்ச குழாய் வச்சுத் தைக்கிறது. பெரிய ஒப்பரேசன். நூறு பேருக்குச் செஞ்சா நாலு அஞ்சு பேர் தப்பமாட்டாங்க. மறைக்காமச் சொல்றன். தப்பினவங்களுக்கு அநேகமா அந்தக் குழாய் ஆயுள் முழுக்க நிண்டு பிடிக்கும். ஆஸ்பத்திரியில பத்து நாள். வீட்ட போய் ரெண்டு மூண்டு மாசத்துக்குப் பாரம் தூக்க ஏலாது."

"பத்து நாளா? மகள் ரெண்டு நாள் எண்டுதானே சொன்னாள்!"

"ரெண்டு மூண்டு நாள் எண்டது மூண்டாவது வழி ஐயா. தொடையடியால ஒரு கம்பிவலைக் குழாய உள்ள அனுப்பி வைக்கிறது. நூறுல ஒண்டு ரெண்டு பேருக்குத்தான் உயிராபத்து. ஆனா அதுக்குக் கொழும்புக்குப் போகணும். அதுக்குப் பிறகு இரிக்கிற காலம் முழுக்க வருசா வருசம் ஸ்கேன். ஒழுக்கு வந்தா திருப்பிப் போய்த் திருத்தணும்."

வல்லிபுரம் தாளைக் கையில் எடுத்து, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இந்தச் சிவப்பு ஆள் ஆர் எண்டு முன்கூட்டியே தெரியாதா டொக்டர்?"

"தெரியாது ஐயா. தெரிஞ்சா எனக்கு இந்தத் தாள் தேவையில்ல."

"எது நல்லதெண்டு நீங்களே சொல்லுங்க. நீங்க படிச்சவர்."

"குழாயப் பத்தி நான் படிச்சிரிக்கன். உங்களப் பத்தி நீங்கதான் சொல்லணும். எது உங்களுக்குப் பெரிசு? எதுக்குப் பயம்? அதச் சொன்னா நானும் சேந்து யோசிக்கலாம்." கோவையைப் புரட்டினார். "பிரசர் பரவாயில்ல. சுருட்டு, பீடி?"

"அதெல்லாம் விட்டு ரெண்டு வருசம் டொக்டர்."

"ஓம் டொக்டர், விட்டிட்டார்," என்றாள் சீதேவிப்பிள்ளை. அறைக்குள் வந்த பிறகு அவள் பெருமையாகப் பேசிய ஒரே வார்த்தை அது.

"நல்லது. நான் சொன்ன கணக்கெல்லாம் அதுக்கேத்த கணக்குத்தான்." டொக்டர் எழுதிக்கொண்டார். "இது அவசர ஒப்பரேசன் இல்ல ஐயா. இண்டைக்கே சொல்லணும் எண்டில்ல. போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ரெண்டு பேரும் கதைங்க. ரெண்டு மணி வரைக்கும் இரிப்பன். வாணாமெண்டு சொன்னாலும் கோவிக்கமாட்டன், அடுத்த ஸ்கேனுக்குத் திகதி தருவன். ஆனா தெரிஞ்சு சொல்லுங்க. அது போதும்."

*

வாவிக்கரையில் வாகை மரத்தடியில் ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. அதில் அமர்ந்து இருவரும் பிளேன்ரீ குடித்தார்கள். வல்லிபுரம் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். திரும்ப எடுத்துப் பார்த்தார். திரும்ப மடித்தார்.

சீதேவிப்பிள்ளையின் கண்ணுக்குள் அந்த நூறு பேரும் நின்றார்கள். இத்தனை நாளும் அவளுடைய கணக்கில் ஒரே ஆள்தான்: ஒருவர் போனார், ஒருவர் வரவில்லை. சும்மா இருந்தாலும் ஐந்து பேர் சிவப்பாவார்கள் என்று அவளுக்கு யார் சொன்னது? மகள் சொல்ல வந்தபோதுதான் கேட்டாளா?

போன் அடித்தது. கலாஜினி.

"புள்ள, ரெண்டு நாளா, பத்து நாளா?" என்றுதான் வல்லிபுரம் தொடங்கினார்.

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. "பத்து நாள் எண்டு சொன்னா நீங்க பயந்து வரமாட்டீங்க எண்டு நினைச்சன் அப்பா. எனக்கு நீங்க வேணும். அதுதான்..."

"சரி சரி, அழாத மகள். அலுவலகத்துல இரிந்து அழாத. வீட்ட வந்து கதைப்பம்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "பாத்தியா சீதேவி? பெத்த புள்ள எனக்கிட்டப் பொய் சொல்லிற்று. நல்ல காலம், நீயும் அம்மாளும் இரிக்கீங்க."

இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையைத் திறந்தாள். பொட்டலத்தை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"இதென்ன?"

"பிரிச்சுப் பாருங்க."

நாரை அவிழ்த்தார். வாழையிலை பழுத்துக் கறுத்திருந்தது. உள்ளே ஓரம் மண்ணிறமாகிய ஒரு நந்தியாவட்டை.

"மற்றப் பொட்டலம்," என்றாள்.

வல்லிபுரம் பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அண்டைக்கு வந்தது வெள்ளை."

"ஓம்."

"இதுவும் வெள்ளை."

"ஓம்."

"அப்ப செவ்வரத்தம்பூ?"

"மரத்துலதான் இரிக்கு. நான் ஆயவே இல்ல."

அவர் எழும்பித் தண்ணீர் ஓரம் போய் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் பரவாயில்லை என்று சீதேவிப்பிள்ளைக்கு இருந்தது. நாலு பேச்சுப் பேசட்டும், இரண்டு அடி அடித்தாலும் வாங்கலாம். இந்த மனுசன் பேசாமல் நிற்கிறாரே! சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்தபோது வல்லிபுரத்தின் முகம் சிவந்திருந்தது. "அம்மாளோட விளையாடிற்றியே புள்ள! பயந்தா எனக்கிட்டச் சொல்றதுதானே? நான் என்ன உன்ட சொல்லுக் கேக்காதவனா?"

"கேப்பீங்க. அதுதான் பயம்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லி நீங்க நிண்டு, நாளைக்கு அது வெடிச்சா அந்தப் பழிய நான் எப்பிடிச் சுமக்கிற? அம்மாள் சொன்னதா இரிந்தா அவ சுமப்பா எண்டு நினைச்சன். எங்கட அப்பாக்குப் பெட்டி கட்டி அனுப்பினது நான்தான். உங்களுக்கும் கட்டி அனுப்ப எனக்கு ஏலாது. நீங்க இல்லாம எனக்கு இரிக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

கலியாணமாகி முப்பத்தெட்டு வருசத்தில் அவள் இப்படி நேருக்கு நேராகச் சொன்னதில்லை. வல்லிபுரம் வாங்கில் பொத்தென்று இருந்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"நீ இஞ்சால இழுக்காய். மகள் அங்கால இழுக்காள்," என்றார் மெல்ல. "இழுக்கிறது நீங்க ரெண்டு பேரும். முறியிறது கொம்புதானே?"

"தெரியும். பிழைதான்."

"வெள்ளை வந்த நேரம் எனக்கும் சந்தோசம்தான், அதையும் சொல்லத்தான் வேணும். பயமில்லாதவன் மாதிரி நடிச்சன்." கொஞ்சம் தயங்கினார். பிறகு வேட்டி மடியை அவிழ்த்து ஒரு சின்னத் தகர டப்பியை எடுத்தார். "எல்லாம் சொல்ற நாளில இதையும் பாத்திரு."

டப்பிக்குள் இரண்டரைச் சுருட்டும் நாலைந்து கராம்பும் கிடந்தன.

"ஒரு நாளைக்கு மூண்டு. வட்டைக்குப் போறது வேளாண்மை பாக்க மட்டுமில்ல."

சீதேவிப்பிள்ளையின் கண்ணீர் அந்த இடத்திலேயே வற்றிவிட்டது. "அடப் பாவி மனுசா! பல்லுக் குத்துது, பல்லுக் குத்துது எண்டு ரெண்டு வருசமாக் கராம்பு சப்பினது இதுக்கா? நானும் பொஞ்சாதி எண்டு உப்புத்தண்ணி கொதிக்க வச்சு, கொதிக்க வச்சுத் தந்தேனே! டொக்டருக்கு முன்னால வேற, விட்டிட்டார் எண்டு சொல்ல வச்சீங்களே!"

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வல்லிபுரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவும் அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

"வீட்டுல மூண்டு பேர், மூண்டு பொய். அந்த டொக்டர் பாவம், எந்தக் கணக்க வச்சுப் பாப்பார்? எழும்பு, போய்ச் சொல்லுவம்."

"எதச் சொல்ற?"

"உன்ட பொய் அம்மாளுக்கு. என்ட பொய் டொக்டருக்கு. கிட்ட இரிக்கிறவருக்கு முதல்ல சொல்லுவம். அம்மாளுக்கு வெள்ளிக்கிழமை பாப்பம்."

*

டப்பியைப் பார்த்த டொக்டர் ஹமீட் ஏசவில்லை. தாளை வாங்கி, சிவப்புப் பேனையால் இன்னும் இரண்டு மூன்று உருவங்களைத் தீட்டினார்.

"கணக்கு மாறுது ஐயா. சுருட்டு இரிந்தா வெடிக்கிற பக்கமும் கூடும், ஒப்பரேசன் பக்கமும் கூடும். நெஞ்சு பழுது பட்டிரிக்கா எண்டு பாக்கணும். நல்ல வேளை, இப்ப சொன்னீங்க."

வல்லிபுரம் கொஞ்ச நேரம் யோசித்தார். அறைக்கு வெளியே பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. டொக்டர் அவசரப்படுத்தவில்லை.

"வருசா வருசம் கொழும்புக்கு ஓட எனக்கு ஏலாது டொக்டர். சின்ன ஆபத்தெண்டாலும், ஒவ்வொரு வருசமும் ஒழுகுதா ஒழுகுதா எண்டு பாத்துக்கொண்டிரிக்க மனம் வராது. சும்மா இரிந்து அந்த அஞ்சு பேருல நான் ஆளா எண்டு ஒவ்வொரு நாளும் விடியிறதும் கஸ்டம். வரம்பு ஒருக்கா உடைஞ்சா வெட்டித் திருப்பிக் கட்டுறவன் நான். திறந்தே செய்வம். மாசி கடைசியில வேளாண்மை வெட்டி முடியும். அதுக்குப் பிறகு."

"இது ஆருட முடிவு ஐயா?"

"என்ட."

டொக்டர் சீதேவிப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "அம்மாக்கு?"

"எனக்குப் பயம்தான் டொக்டர். இப்பயும் பயம்தான்," என்றாள். ஆனாலும் நாலு நாளுக்குப் பிறகு உண்மையைச் சொன்னதில் அவளுக்கு மூச்சு இலேசாக வந்தது. "பெட்டி நான்தான் கட்டுவன்."

"பயப்படலாம். அது பிழையில்ல." டொக்டர் வல்லிபுரத்திடம் விரலை நீட்டி எண்ணினார். டப்பி இன்றைக்கே வெளியே போக வேண்டும். நெல் மூட்டையில் கை வைக்கக் கூடாது. வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும் நோ வந்தால் விடியட்டும் என்று நிற்காமல் ஓடி வர வேண்டும். "இடையில மனம் மாறினாலும் வந்து சொல்லலாம். ஒப்பரேசனுக்கு முதல்நாள் எண்டாலும் சரி. இன்னொண்டு ஐயா. கூடப்பிறந்த ஆம்பிளையள் இரிக்காங்களா?"

வல்லிபுரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு தம்பி."

"வயசு?"

"அறுபத்திரெண்டு."

"சுருட்டு?"

"என்னவிடக் கூட. அப்ப அப்பிடி. இப்ப எப்பிடியோ தெரியாது."

"அவரும் ஒரு ஸ்கேன் பிடிச்சுப் பாக்கிறது நல்லம். இது சில குடும்பங்கள்ல கூடப்பிறந்தவங்களுக்கும் வாறது. நோ இரிக்காது. உங்களுக்கும் இரிக்கல்லத்தானே? நான் ஒரு சீட்டு எழுதித் தாறன். தம்பிட பேர்?"

சொல்லிப் பதினொரு வருசமான பேர்.

"வீரகத்தி," என்றார்.

*

பின்னேரம் வாகரை பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். டப்பி ஆஸ்பத்திரி வாசல் குப்பைத் தொட்டிக்குள் போய்விட்டது. கராம்பை மட்டும் அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் முடிந்து வைத்த கச்சானை இப்போதுதான் தின்றாள்.

"வாழைச்சேனைச் சந்தி! இறங்கிற ஆக்கள் வாங்க!"

அவள் பையோடு எழும்பினாள். அவர் எழும்பவில்லை.

"இறங்கல்லையா?"

"நீ இறங்கிப் போ. மகள் தேடுவாள். நான் வாகரைக்குப் போயிற்று வாறன்."

"ஆருக்கிட்டயும் சொல்லி அனுப்பலாமே. இல்லாட்டி போன்..."

"பதினொரு வருசத்துக்குப் பிறகு போன்லயா?" அவர் சீட்டை வைத்திருந்த சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அண்டைக்கு அவனுக்கிட்டக் கேக்காம அம்மாட காரியத்தச் செஞ்சன். அவனுக்குரியத நான் எடுத்தன். இதையும் அவனுக்குச் சொல்லாம விட்டா, அவன்ட உயிர் விசயத்துலயும் நானே முடிவெடுத்த மாதிரித்தானே?"

நடத்துநர் இறங்குங்கள் அம்மா என்று அவசரப்படுத்தினார். சீதேவிப்பிள்ளை புருசன் பக்கத்தில் திரும்ப இருந்துவிட்டு, மகளுக்குப் போன் எடுத்தாள்.

"கலா, சோறு ஆக்கித் தின்னு. நானும் அப்பாவும் சித்தப்பா வீட்ட போறம்."

"எந்தச் சித்தப்பா?"

"உனக்கு எத்தினை சித்தப்பா இரிக்கு?" என்று போனை வைத்தாள்.

வாகரையில் இறங்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கடற்கரைப் பக்கமாக நடந்தார்கள். வீட்டின் வேலி மாறவில்லை. வேலி வாசல் கடப்படியில் இருந்த குறுக்குத்தடி மட்டும் புதிது. உள்ளே மர நிழலில் ஒரு ஆள், கவிழ்த்துப் போட்ட வாளியில் இருந்துகொண்டு படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாயில் சுருட்டுப் புகைந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த நரையைக் கண்டதும் வல்லிபுரத்தின் நடை நின்றுவிட்டது.

வீரகத்தி நிமிர்ந்து பார்த்தார். சுருட்டை வாயில் இருந்து எடுத்தார்.

"மச்சி, நீங்க உள்ள வாங்க," என்றார் அண்ணன் பெண்சாதியிடம். அண்ணன் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்தம் தம்பி," என்றாள் சீதேவிப்பிள்ளை. கடப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள்.

வல்லிபுரம் சீட்டை எடுத்து வேலிக்கு மேலால் நீட்டினார். "நீ என்னோட கதைக்கத் தேவையில்ல வீரகத்தி. இத வாசி. வாசிச்சிட்டு என்ன செய்யிறதெண்டு நீயே முடிவெடு. இந்த முறை நான் எடுக்கல்ல."

வீரகத்தி எழும்பி வந்தார். சீட்டை வாங்கவில்லை. அண்ணன் தன்னையறியாமலே இடது கையால் வயிற்றைப் பொத்தியபடி நின்றதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். சுருட்டு அணைந்துபோனது அவருக்குத் தெரியவில்லை.

"உனக்கு என்ன வருத்தம் அண்ணன்?" என்று கேட்டார்.